தீவாக இருந்த மலை: ஜெராய் அடிவாரத்துச் சிற்றூர் வழி

திகாம் பத்துச் சுற்றுப்புறத்து வெளியில் நின்று வடதிசை நோக்குவோர்க்கு, வானம் தெளிந்த காலை வேளையில் ஒரு தனிமலை நீலநிறமாய்த் தோன்றும். அதன் இருபுறத்தும் தொடர்மலை இல்லை. வயலும் செம்பனையும் ரப்பர்க் காடும் பரந்த சமவெளியின் நடுவே, யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்தாற்போல் அது நிற்கும். அதுவே ஜெராய் மலை. ஆங்கிலேயர் தம் கடற்படங்களில் அதனைக் கெடாச் சிகரம் என்று குறித்தனர். அதன் உயரம் 1,217 மீட்டர். மலாயாவின் நடுமலைத் தொடரோடு ஒப்பிட்டால் இஃது ஒன்றும் பெரிய உயரம் அன்று. ஆயினும் கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்திலிருந்து நேரே எழுவதால், கணக்கிற் கூறும் உயரத்தினும் மிகுந்த உயரமாகக் கண்ணுக்குப் படுகிறது.

கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இம்மலையை நாள்தோறும் காண்கின்றனர். வகுப்பிலே கடாரம் என்றும், கடாரங்கொண்டான் என்றும் பாடம் படிக்கின்றனர். பாடத்திலுள்ள கடாரத்தையும் பலகணி வழியே தெரியும் மலையையும் இணைத்துக் காட்டுவார் இன்றி இரண்டும் தனித்தனியே கிடந்துவிடுகின்றன. இணைப்பதற்கு எளிய வழி, மலையின் தென் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர்களின் ஊடே ஒரு நாள் காலால் நடப்பதேயாகும். சுங்கை பத்து, செமிலிங், மெர்போக், புக்கிட் பத்து பகாட், பெங்காலான் பூஜாங் என்னும் இவ்வூர்களை வரிசையாகக் கோத்தால், பழங்காலக் கடற்கரை ஒன்றன் மீது நடந்ததாக முடியும். இக்கூற்று வியப்பாகத் தோன்றலாம். விளக்கம் பின்வருமாறு.

கெடாவின் பழங்கதை நூலாகிய மேரோங் மகாவங்சாவின் வரலாறு, இம்மலையைப் பூலாவ் செராய், அதாவது செராய்த் தீவு, என்று கூறுகிறது. தீவாக இருந்த அது, கடல் விலகிவிட்டதால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்நூலின் செய்தி. கருடனும் அரக்கரும் உலவும் அந்த நூலைச் சரித்திர ஆதாரமாகக் கொள்வது பிழை. இந்த ஒரு செய்தியில் மட்டும் நிலநூலார் அதற்குத் துணை நிற்கின்றனர். ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முன்பு மலாயாத் தீபகற்பத்தைச் சூழ்ந்த கடல் இன்றைய மட்டத்தினும் சில மீட்டர் உயர்ந்திருந்தது. பின்னர் மெல்ல வடிந்தது. வடியும் கடலோடு மூடா ஆறும் மெர்போக் ஆறும் கொணர்ந்த வண்டலும் சேர்ந்து கரையை மேற்கு நோக்கித் தள்ளின. இன்று நெல் விளையும் தாழ்நிலத்தின் பெரும்பகுதி அவ்வாறு பிறந்த புது நிலமே. மலைக்கு வடக்கே நெடுங்காலம் சதுப்பாய்க் கிடந்த வெளியில் நீரை வடிக்க, 1885-ஆம் ஆண்டளவில் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரத்துக் குரூண் வரை வான் முகமது சமான் கால்வாய் வெட்டத் தொடங்கினார் என்பதை எண்ணினால், அந்நிலத்தின் இளமை விளங்கும்.

ஈண்டு ஒரு திருத்தம் தேவை. கோயில்கள் எழுந்த காலத்தில், அதாவது கி.பி. முதல் ஆயிரத்தாண்டில், ஜெராய் முழுத் தீவாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. அப்போது அது இரு பக்கமும் அகன்ற குடாக்கள் சூழ்ந்த ஒரு முனையாக, கடலுக்குள் நீட்டிய மூக்காக இருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தீவு என்னும் நினைவு அதனினும் பழையது. அல்லது கடலிலிருந்து பார்த்தவன் கண்ணுக்குத் தீவாகத் தோன்றியதன் எச்சம். சமவெளி தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்க, மலை மட்டும் நீரிலிருந்து எழுவதாகத்தானே மாலுமிக்குத் தெரியும்!

அந்த மாலுமிக்கு இம்மலை ஏன் வேண்டியிருந்தது என்பதை நிலப்படத்தை விரித்துக் காண்பது நலம். ஜெராய் ஏறத்தாழ வட அகலக்கோடு 5 பாகை 47 கலையில் உள்ளது. இலங்கையின் தென்முனையாகிய தெவிநுவரை 5 பாகை 55 கலையளவில் உள்ளது. ஆகவே இலங்கையின் தென்கோடியைச் சுற்றி வந்த கலம், விண்மீனின் உயரம் மாறாதபடி நேர்கிழக்கே ஓடினால், நிக்கோபாருக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட நீர்வழியிற் புகுந்து, ஜெராயை எதிரே காணும். திசைகாட்டும் ஊசி இல்லாத காலத்தில் இதனைவிட வசதியான அடையாளம் வேறு யாது? தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள், திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்போர்க்குக் குடிநீரும் உணவும் கலம் பழுதுபார்க்க மரமும் வேண்டும். இவை மூன்றும் மலையடியில் இருந்தன. சீனத்துறவி ஈ-சிங் 671-ஆம் ஆண்டு புறப்பட்டு இந்தியா செல்லும் வழியில் தங்கிய இடங்களுள் 'கியே-சா' ஒன்று; அஃது இக்கெடாவே என்பர். அவர் காலத்துத் துறவி ஒருவர் இங்கிருந்து மேற்கே முப்பது நாள் ஓடி நாகப்பட்டினம் சேர்ந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். கெடாவையும் சோழநாட்டுக் கரையையும் இணைத்த கடற்பாதைக்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

மலையடிக் கிராமங்களைக் காலால் நடந்து காணும் வழக்கம் பிறநாடுகளில் நன்கு வளர்ந்துள்ளது. கிரேக்க நாட்டுத் தீவுகளான ஆண்ட்ரோஸ், நாக்சோஸ் முதலியவற்றில், கழுதை செல்வதற்காக முன்னோர் கல் பாவிய ஒற்றையடிப் பாதைகள் ஊருக்கு ஊர் செல்கின்றன. கால்டெரிமி என்பது அவற்றின் பெயர். நாக்சோஸில் 1,004 மீட்டர் உயரமுள்ள சாஸ் மலையின் பக்கத்தே ஹால்கி, ஃபிலோத்தி என்னும் ஊர்களை ஒலிவத் தோப்புகளினூடே நடந்து சேரலாம். வழியில் பழைய சிறு தேவாலயங்கள் நிற்கின்றன. அங்கே சாலை போட்டபின் கைவிடப்பட்ட பாதைகளை மக்கள் புதர் வெட்டி, எண்ணிட்டு மீட்டிருக்கின்றனர். ஜெராய் அடிவாரத்தில் அத்தகைய எண்ணிட்ட பாதை கிடையாது. ஈண்டு கூறும் வழி, தார்ச்சாலையும் கம்பத்துச் சந்தும் மாறிமாறி வரும் சாதாரண வழி. கிரேக்கத் தீவில் கல்லாலான பாதை நிலைத்தது. இங்கே பாதை மண்ணோடு போய்விட்டது. அதனருகில் இருந்த கட்டடங்களின் அடித்தளம் மட்டும் நிலைத்தது.

நடையைச் சுங்கை பத்தில் தொடங்குதல் வேண்டும். சுங்கைப் பட்டாணியிலிருந்து செமிலிங் செல்லும் சாலையருகே உள்ளது இவ்விடம். மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு, பத்து என்பது கல். கல்லாறு என்று தமிழாக்கலாம். பெயரில் ஆறு இருந்தாலும், ஒருகாலத்தில் மரக்கலம் புகுந்த நீர்வழி இன்று தூர்ந்து சதுப்பாகிவிட்டது. இங்கே ரப்பர்த் தோட்டமும் பின்னர்ச் செம்பனையும் இருந்த நிலத்தில், 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். கண்டவை மூவகை: செங்கல் தளமிட்ட படகுத்துறைக் கட்டடங்கள், வட்ட அடித்தளத்தின்மேல் சதுரமாய் எழுந்த ஒரு செங்கற் சடங்குமேடை, இரும்பு உருக்கிய உலைக்களங்கள். உலைக்களத்தில் மண்ணாலான ஊதுகுழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. துருத்தியின் காற்றை நெருப்புக்குள் செலுத்தும் அக்குழல்கள் ஓர் உருக்குக்குப் பின் பயனற்றுப் போகும். ஆதலின் குவியலின் பெருமை தொழிலின் பெருமையைக் காட்டும்.

இக்களத்தின் காலம் பற்றிச் செய்தித்தாள்களில் பெரிய எண்கள் வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டுகள் என்று முதலிலும், கி.மு. ஆறாம் நூற்றாண்டு, எட்டாம் நூற்றாண்டு என்று பின்னரும் கூறப்பட்டது. மிக முந்திய காலங்களை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கரித்துண்டின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர்கள் எழுப்பும் தடை. வயதான மரத்தை எரித்தால் கரி முதுமையே காட்டும். மாணவர்க்குச் சொல்லும்போது, முதலாயிரத்தாண்டில் இங்கே இரும்புத் தொழில் தழைத்தது என்னும் அளவோடு நிறுத்துவது தக்கது. அதுவே பெருஞ்செய்தி. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மணியும் துணியும் விற்ற காட்டுக்கரை என்று எண்ணப்பட்ட ஓரிடம், தானே இரும்பு உருக்கி ஏற்றுமதி செய்த தொழிற்களமாக இருந்திருக்கிறது. வந்தவர்கள் கொடுத்தவர்களாக மட்டும் இல்லை. கொண்டு செல்லவும் வந்தனர்.

உலோகப் பேச்சு வந்ததனால் ஒரு சொல்லைக் குறிப்பிடல் ஆகும். அரபு மாலுமிகள் இத்துறையைக் கலா என்றனர்; இவ்வட்டாரத்து வெள்ளீயம் அவர்களிடையே புகழ்பெற்றது. அவர்கள் மொழியில் வெள்ளீயத்துக்கு வழங்கும் கலஈ என்னும் சொல் இவ்வூர்ப் பெயரிலிருந்து வந்ததென்று அறிஞர் சிலர் கருதுவர். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுதல் என்று தமிழில் வழங்குகிறோமே, அந்தக் கலாயும் அவ்வழி வந்ததே. அச்சொல்வழி உண்மையாயின், தமிழ்நாட்டு அடுக்களையில் கெடாவின் பெயர் நெடுநாளாய் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதனைக் கேட்டு மகிழ்வோர், கடாரங்காய் என்னும் காயின் பெயரும் கடாரத்திலிருந்தே வந்தது என்று உடனே சேர்த்துக்கொள்வர். அதற்கு உறுதியான சான்று இல்லை. கடாரம் என்பதற்குப் பெரிய கொப்பரை என்னும் பொருளும் தமிழில் உண்டு. வடமொழிக் கடாகமும் கொப்பரையையே குறிக்கும். ஒலி ஒத்தவை எல்லாம் உறவாகா.

சுங்கை பத்திலிருந்து செமிலிங் நோக்கி மேற்கே நடந்தால், வலக்கைப்புறம் மலைச்சரிவும் இடக்கைப்புறம் தாழ்நிலமும் தொடர்ந்து வரும். இந்த அமைப்பை மாணவர் கவனிக்கச் செய்ய வேண்டும். வலப்புறம் ஏறினால் ரம்புத்தான், டுரியான் தோப்புகள். இடப்புறம் இறங்கினால் வயலும் சதுப்பும், அப்பால் மெர்போக் கழிமுகத்துக் கண்டல் காடும். வீடுகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டில் இருக்கின்றன. வெள்ளம் ஏறாத உயரம். ஆயினும் நீர்வழிக்கு எட்டும் தொலைவு. பழங்கோயில்களின் அடித்தளங்களும் பெரும்பாலும் இந்த மேட்டிலோ, மேட்டிலிருந்து சரிவில் ஏறும் ஓடைக்கரையிலோதான் கிடைத்துள்ளன. இன்றைய கம்பத்தாரும் அன்றைய துறைமுக மாந்தரும் ஒரே காரணத்துக்காக ஒரே கோட்டைத் தேர்ந்தனர். மேலிருந்து நன்னீர் வரும், கீழிருந்து படகு வரும். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் இதனைக் கால்கள் மறப்பதில்லை.

செமிலிங் வட்டாரத்தில்தான் இக்கோயில்கள் தோட்டத் தமிழரின் வாழ்க்கையோடு நேரே தொடர்பு கொள்கின்றன. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் தோட்ட நிலங்களில் பழஞ்செங்கற்கள் தலைகாட்டின. ஐவர் ஈவன்ஸ் 1920-களில் இவ்வட்டாரத்தில் ஆய்ந்தார். பின்னர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியார் டோரதியும் முறையாகத் தேடி, ஏறக்குறைய முப்பது இடங்களைக் கண்டு எண்ணிட்டனர். அவர்களுடைய அறிக்கையை 1940-இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை வெளியிட்டது. இன்றும் இடங்களை எட்டாம் எண், பதினோராம் எண் என்று வழங்குவது அவர்கள் இட்ட கணக்கே. சுங்கை பத்துத் தோட்டத்தில் மகிடாசுரமர்த்தினியின் கற்சிற்பத் துண்டும், பிள்ளையாரின் சுடுமண் உருவப் பகுதியும் கிடைத்தன. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த பாற்காரர்கள், தாங்கள் பால் வெட்டும் மரத்தின் வேரடியில் இன்னொரு துர்க்கை மண்மூடிக் கிடப்பதை அறியாதிருந்தனர். இதனைத் தொடர்ச்சி என்று கொண்டாடுவாரும் உளர். ஓராயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பின் வேறு காரணத்தால், வேறு கப்பலில் வந்தவர்கள் இவர்கள். தொடர்ச்சி என்பதனினும் தற்செயல் என்பதே பொருந்தும்; தற்செயலாயினும் நெஞ்சைத் தொடுவதுதான்.

பதினோராம் எண்ணுடைய இடத்தைத் தேடிச் செல்வோர் அதனைக் காண இயலாது. தனியார் நிலத்தில் இருந்த அவ்வடித்தளம், வீடுகள் கட்டுவதற்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்து அகற்றப்பட்டது. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் இச்செய்தி வெளியானபோது நாடெங்கும் வருத்தமும் சினமும் எழுந்தன. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, குறிப்பிட்ட ஓரிடத்தை எல்லை அளந்து அரசிதழில் அறிவிப்பது வேறு. அறிவிக்கப்படாத இடம் நிலச்சொந்தக்காரர் கண்ணுக்குச் செங்கற் குவியலே. வேல்ஸ் எண்ணிட்டு முக்கால் நூற்றாண்டு ஆகியும், அக்குவியல் என்னவென்று சுற்றுப்புறத்தார்க்குச் சொல்லும் ஒரு பலகை இருந்திருந்தால் புல்டோசர் ஓட்டியவரேனும் ஒரு கணம் நின்றிருக்கலாம். இழப்புக்குப்பின் எழுந்த கூக்குரலில் தமிழர் குரலும் உரத்தே இருந்தது. இழப்புக்கு முன்னர் அவ்விடத்தை நேரிற் கண்டிருந்த தமிழாசிரியர் எத்தனை பேர் என்ற கேள்வி கசப்பானது. எனினும் கேட்கவேண்டியது.

செமிலிங்கிலிருந்து மெர்போக் வரை நடை நீளமானது, வெயிலும் கடுமை. வழியில் மலையிலிருந்து இறங்கும் தூப்பா ஓடையின் அருவிப்பக்கம் இளைப்பாறலாம். மழைநாளில் அட்டை ஏறும். பிள்ளைகளைக் கூட்டிச்செல்வோர் உப்பு கொண்டுபோவது நல்லது.

மெர்போக் என்பது ஒரு சிறு புறாவின் பெயர். இவ்வூரிலிருந்து வடக்கே மலைநோக்கி ஏறினால் புக்கிட் பத்து பகாட் வரும். பத்து பகாட் என்பது உளியாற் செதுக்கிய கல். மெர்போக் கெச்சில் என்னும் ஓடை பாறைகளில் தாவி இறங்கும் இடத்தில், அதன் கரையிலேயே எட்டாம் எண் கோயில் நிற்கிறது. இதுவே இவ்வழியின் உயிர்நிலை. இங்கே ஒரு மணி நேரமாவது தங்க வேண்டும். 1958 முதல் 1960 வரை அலஸ்டெர் லாம்ப் இதனைப் பிரித்து ஆய்ந்து, பழைய கற்களைக் கொண்டே அடித்தளத்தை மீட்டெழுப்பினார். அப்போது கருவறைத் தளத்தின் கீழ் கல்லாலான பேழைகள் கிடைத்தன. குடமுழுக்கின்போது நிலத்துக்குள் வைக்கும் வைப்புப் பொருள்களை உடையவை அவை. ஓடையின் கல்லையே வெட்டிக் கட்டியிருக்கின்றனர். கருவறையும் அதன்மேல் விமானமும், முன்னே மண்டபமும் என்னும் அமைப்பு தென்னாட்டுக் கோயிலமைப்பே. ஆனால் மண்டபத்தின் தூண் அடிக்கற்களைக் குனிந்து பார்த்தால், மரத்தூண் நாட்டுவதற்கான குழிகள் தெரியும். மேற்கட்டு கல்லால் ஆனதன்று. மரத்தாலும் கூரையாலும் ஆகி, காலத்தால் மக்கிப் போனது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்விமானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருவோர், இடுப்பளவு கல்மேடையைக் கண்டு ஏமாறுவர். இந்நாட்டு மழைக்கும் மரவளத்துக்கும் ஏற்ப, இந்நாட்டுத் தச்சர் கை கலந்து எழுந்த கோயில் என்று காண்போர் ஏமாறமாட்டார்.

இதனைக் கட்டியவர் யார்? இராசேந்திர சோழன் கட்டினான் என்பது தோட்டங்களில் வழங்கும் எளிய விடை. அது சரியன்று. இராசேந்திரனின் கடற்படை 1025-ஆம் ஆண்டு இப்பகுதித் துறைமுகங்களைத் தாக்கியது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என அவன் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் கூறுகிறது. ஆனால் அதன்பின் சோழர் இங்கே நிலைத்து ஆண்டு கோயில் எடுத்தனர் என்பதற்குக் கெடாவில் இதுவரை கல்வெட்டு இல்லை. எட்டாம் எண் கோயிலின் காலத்தையே வேல்ஸ் முற்படவும், பின்வந்தோர் பல நூற்றாண்டு பிற்படவும் மதித்தனர். கருத்தொருமை இன்னும் இல்லை. பள்ளத்தாக்கின் சின்னங்களை மொத்தமாக நோக்கினால் அவை ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. அவற்றுள் பௌத்தமும் சைவமும் உள. இந்தியர் அலையலையாய்க் குடியேறிக் கட்டினர் என்று வேல்ஸ் எழுதினார்; உள்ளூர்த் தலைவர்கள் தம் வணிக உறவால் வெளிச்சமயங்களை ஏற்றுத் தம் மக்களைக் கொண்டே கட்டுவித்தனர் என்று இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுவர்.

இராசேந்திரன் பெயரை நீக்கினால் தமிழர்க்கு இங்கே ஒன்றும் இல்லை என்று அஞ்ச வேண்டுவதில்லை. படையெடுப்புக்குப் பல நூற்றாண்டு முன்பே உறவு இருந்தது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூளாமணி விகாரத்தை எடுப்பித்தான். சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். இச்செய்தியைத் தாங்கும் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடு எனப்படும். கடாரத்தான் தமிழ்நாட்டிற் கட்டிய கோயிலுக்கு ஏடு இருக்கிறது. தமிழ்நாட்டான் கடாரத்திற் கட்டியதற்கு ஏடு இல்லை. வகுப்பில் மாணவர் முன் இதனைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் எழும் வியப்பே தனி. போரைப் பற்றிய பாடத்தில் அந்த வியப்பு எழுவதில்லை.

கோயிலுக்கு அருகிலேயே பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகம் உள்ளது. 1980-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்த கோயில் அடித்தளங்களை இதன் வளாகத்தில் மீண்டும் அமைத்திருக்கின்றனர். பாதுகாப்புக்கு அது நன்று. ஆயினும் மேட்டுநிலத்திலும் வயலோரத்திலும் இருந்தவற்றை மலைச்சரிவில் அருகருகே வைத்ததால், எந்தக் கோயில் எந்த நீர்வழியைப் பார்த்து நின்றது என்பது மறைந்துவிட்டது. செங்கல், செம்புரைக்கல், ஓடைக்கல் என்னும் மூவகைக் கட்டுப்பொருளையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்ட மட்டும் இது மிக ஏற்றது.

மீண்டும் மெர்போக்குக்கு இறங்கி, தெற்கே தாழ்நிலத்துக்குள் சென்றால் பெங்காலான் பூஜாங். பெங்காலான் என்பது படகுத்துறை. பூஜாங் என்பது பாம்பைக் குறிக்கும் புஜங்கத்தின் திரிபு என்பர். ஆறு வளைந்து செல்வதைப் பார்த்தால் ஒப்பத் தோன்றும். மலாயில் மணமாகாதவனுக்கும் பூஜாங் என்பதே பெயர் என்று கம்பத்தார் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். இங்கே மேட்டில் கண்ட பெருங்கற்கள் இல்லை. செங்கல் அடித்தளங்களும், ஆற்றங்கரைச் சேற்றில் எண்ணற்ற ஓட்டுச் சில்லுகளும் கிடைத்தன. சொங், யுவான் காலத்துச் சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, பாசிமணிகள் என்பன அவற்றுள் அடங்கும். பதினொன்று முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை இத்துறை செழித்தது. அதற்கு முந்திய துறைமுகம் தெற்கே மூடா ஆற்றுப்பக்கம் உள்ள சுங்கை மாஸ். அங்கே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதற்கும் சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் செய்த அதே வகை மணிகள்.

ஒரு துறைமுகம் தெற்கே ஒடுங்கியபின் மற்றொன்று வடக்கே எழுந்ததற்கு, ஆறு தடம் மாறியதும் வண்டல் மூடியதும் பெருங்காரணங்கள். மலை அசையவில்லை, கரைதான் அதனைவிட்டு அகன்றுகொண்டே போயிற்று. மலைக்கு வடபுறம் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்னும் குன்றில் 2023-ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, ஆளுயரச் சுதைப் புத்தர் உருவங்கள் வெளிப்பட்டன. வேல்ஸ் 1930-களில் கண்டுவிட்டுச் சென்ற இடமே அது. தென்புறத்துக்கே உரியன என்று எண்ணியிருந்த சின்னங்கள் வடகரையிலும் உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று. ஜெராயைச் சுற்றிய பழங்கரை முழுவதையும் இன்னும் ஒருவரும் நடந்து முடித்ததாகக் கூற இயலாது.

பெங்காலான் பூஜாங்கில் நடை முடியும்போது மாலையாகிவிடும். ஆற்றங்கரையில் நின்று மாணவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலையில் தொடங்கிய மேடும், நண்பகலில் ஏறிய சரிவும், அவற்றுக்கு மேல் மேகம் சூழ்ந்த உச்சியும் ஒரே பார்வையில் அடங்கும். அந்த உச்சியிலும் பழங்கட்டடச் சிதைவு உண்டு. பிறகு கையிலுள்ள வெற்றுத்தாளில், இன்று நடந்த வழியைக் கோடாக வரைந்து, அக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி முழுவதையும் நீலமாகத் தீட்டச் சொன்னால், அவர்கள் வரைந்திருப்பது ஏறக்குறைய ஈ-சிங் கண்ட கடாரத்தின் கரையாக இருக்கும்.